லீவுக்கு ஊருக்கு வரலையா? வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் எங்கே போகலாம்... குன்னத்திலிருந்து ஒரு கணக்கு!

டிசம்பர் மாதம். குன்னம் பக்கம் மக்காச்சோளம் அறுவடைக்கு நிற்கும் நேரம். காட்டிலிருந்து திரும்பிய அப்பா, கைகால் கழுவிவிட்டு மொபைலை எடுக்கிறார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மகன். பின்னால் பனி மலை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தோளில் கை போட்டபடி நான்கு கூட்டாளிகள்.

"ஏங்க, புள்ள நல்லாத்தான் இருக்கான்" என்கிறார் அம்மா, எட்டிப் பார்த்துவிட்டு.

"நல்லாத்தான் இருக்கான். இங்க மாசா மாசம் பேங்குல வட்டி கட்டுறது யாரு?"

ராத்திரி வீடியோ காலில் அந்தக் கேள்வி கடல் தாண்டிப் போகும். மகன் முகம் சுருங்கும். அடுத்த வாரம் ஸ்டேட்டஸ் இருக்கும், அப்பாவுக்கு மட்டும் தெரியாது. 'ஹைட்' பண்ணிவிடுவார்கள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பிள்ளையை ஜெர்மனிக்கோ ஜார்ஜியாவுக்கோ அனுப்பிவிட்டு, காலண்டரைப் பார்த்தபடி இருக்கும் வீடுகளில் ஏதாவது ஒரு வடிவத்தில் இது நடக்கிறது. காரணம், 'லீவு' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு அர்த்தம்.

இந்த ஊர்ப்பக்கம் வெளிநாடு என்றால் முன்பெல்லாம் வேலை. சவுதி, துபாய், சிங்கப்பூர். போனவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். கயிறு கட்டிய பெட்டி வரும், தைலம் வரும், பெட்ஷீட் வரும். லீவு என்றால் ஊருக்கு வருவது. வேறு அர்த்தமே கிடையாது. படிக்கப் போன பிள்ளையின் லீவு அப்படி இல்லை. அது வருஷத்துக்கு இரண்டு, மூன்று தடவை வரும். சில நேரம் பத்து நாள், சில நேரம் இரண்டு மாதம். கையில் சம்பளமும் இருக்காது. டிசம்பரில் விமான டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும். பத்து நாள் லீவுக்கு அவ்வளவு பணம் கொடுத்து வந்தால், பயணமும் தூக்கமும் போக ஆறு நாள்தான் வீட்டில்.

ஆக, ஊருக்கு வராமல் பக்கத்தில் எங்காவது போய்வருவது ஊதாரித்தனம் என்று சொல்லிவிட முடியாது. பல நேரங்களில் அதுதான் சிக்கனம். அறையிலேயே பூட்டிக்கொண்டு கிடப்பது இன்னொரு வழி. ஐரோப்பிய டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். விடுதி காலியாகிவிடும், கேன்டீன் மூடிவிடும், கிறிஸ்துமஸ் நாட்களில் கடைத்தெரு வெறிச்சோடும். முதல் வருஷம் அப்படி இரண்டு வாரம் தனியாக இருந்த பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள், சொல்வார்கள். செலவே இல்லாத அந்த லீவுதான் மனசுக்கு அதிகம் செலவு வைப்பது.

சரி, எங்கே போகலாம்? எவ்வளவு ஆகும்? எங்கே மாட்டிக்கொள்வார்கள்?

ஜெர்மனி: மாத பாஸ் ஒன்று போதும்

ஜெர்மனியில் படிக்க விசா வாங்கும்போது, முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் ஒரு வருஷச் செலவுக்கான பணத்தைப் போடச் சொல்வார்கள். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. அது மொத்தமாகக் கைக்கு வராது; மாதம் 992 யூரோ வீதம்தான் வெளியே வரும். வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் அதற்குள். பிள்ளை ஊர் சுற்றினாலும் அந்த 992-லிருந்து மிச்சம் பிடித்தோ, பகுதிநேர வேலை பார்த்தோதான் சுற்ற முடியும். அப்பாக்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை குறையும்.

2023 மே மாதம் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்று ஒரு மாத பாஸ் வந்தது. அப்போது 49 யூரோ, 2025-ல் 58, 2026 ஜனவரி முதல் 63. நம் பணத்தில் ஆறாயிரத்துச் சொச்சம். நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இதைவிடக் குறைவான விலையிலேயே கிடைக்கிறது. ஒரே நிபந்தனை, ஐசிஇ, ஐசி போன்ற அதிவேக ரயில்களில் செல்லாது. நம்மூர் பாசஞ்சர் ரயில் மாதிரி மாறி மாறிப் போக வேண்டும். நேரம் ஆகும். மாணவருக்கு நேரம்தானே சொத்து.

இந்த பாஸை வைத்துக்கொண்டு டிரெஸ்டன் போனால், அங்கிருந்து எஸ்1 ரயிலில் குரோர்ட் ராத்தன் என்ற சின்ன ஸ்டேஷன். எல்பே ஆற்றைப் படகில் கடந்து மேலே ஏறினால் பாஸ்டை. 1851-ல் கட்டிய கல் பாலம், ஆற்றிலிருந்து 190 மீட்டருக்கும் மேல் உயரத்தில் பாறைகளுக்கு நடுவே நிற்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லாத பாலத்தில் நின்று எடுத்த படம்தான் பல ஸ்டேட்டஸ்களில் 'சுவிட்சர்லாந்து' போலத் தெரிகிறது என்பது அப்பாக்களுக்குச் சொல்ல வேண்டிய ரகசியம்.

அதே பாஸ் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரைக்கும் செல்லும். மியூனிக் பக்கம் படிப்பவர்களுக்கு ஒருநாள் பயணம். ஆனால் ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. திரும்பி வரும்போது ரயிலில் போலீஸ் ஏறுவார்கள். பாஸ்போர்ட்டும் வசிப்பு அட்டையும் கையில் இருக்க வேண்டும். மொபைலில் இருக்கும் போட்டோ உதவாது.

தமிழ்ப் பிள்ளைகள் போக வேண்டிய ஊர் இன்னும் இரண்டு. ஒன்று ஹாம். டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில், உண்ட்ரோப் என்ற இடத்தில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. போரில் வீடு இழந்து வந்த ஈழத் தமிழர்கள் கட்டியது, 2002-ல் குடமுழுக்கு நடந்தது. சுற்றிலும் தொழிற்கூடங்கள், நடுவில் கோபுரம். மே, ஜூன் வாக்கில் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். மோர், தேங்காய், காவடி, தவில் எல்லாம் உண்டு. வீட்டு நினைப்பு வாட்டும்போது அங்கே ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு மருந்துச் சீட்டு தேவையில்லை.

இன்னொன்று ஹாலே. லைப்சிக்கிலிருந்து உள்ளூர் ரயிலில் போய்விடலாம். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு படித்த ஊர் இது. அவரும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகள் இங்குள்ள பிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பேருந்தில் தரங்கம்பாடி போய்ப் பார்க்காத பிள்ளை, அதன் மறுகரையை ஹாலேயில் பார்க்கும்.

சுற்றக் கிளம்பும் முன் ஒரு தாளைக் கவனிக்க வேண்டும். வசிப்பு அட்டை புதுப்பிக்கப் போட்டிருக்கும் நேரத்தில் தற்காலிகமாக ஒரு சான்று தருவார்கள். 'ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங்' என்று வாயில் நுழையாத பெயர். அதில் ஒரு வகையை வைத்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பலாம். இன்னொரு வகையோடு வெளியே போனால் திரும்பி நுழைய முடியாது. எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறது என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். அட்டை சரியாக இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். 2025 ஜனவரியில் ருமேனியாவும் பல்கேரியாவும் முழுதாகச் சேர்ந்தபின் மொத்தம் 29 நாடுகள். அதில் பாரிஸும் உண்டு. அங்கே லா ஷப்பேல் தெருவில் இறங்கினால் தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் கொத்து ரொட்டி வாசமும் வரவேற்கும்.

பிரிட்டன்: குன்னத்துக் கல் அங்கேயும் கிடக்கிறது

2020 அக்டோபரில் குன்னம் திடீரென்று செய்தியில் அடிபட்டது நினைவிருக்கும். நீர்நிலையில் மண் அள்ளியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிவந்தன. 'டைனோசர் முட்டை' என்று படங்கள் பறந்தன. பக்கத்து ஊர்களிலிருந்து பைக்கில் கிளம்பி வந்து பார்த்தார்கள். பிறகு, அது முட்டை இல்லை, அம்மோனைட் என்ற கடல் உயிரியோடு சம்பந்தப்பட்ட படிவங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்தது. ஆனால், முட்டையைவிடப் பெரிய சங்கதி அதுதான்: கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இந்தக் கரிசல் காடெல்லாம் கடல். அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலை இருப்பதற்குக் காரணமான சுண்ணாம்புக்கல், அந்தக் கடல் விட்டுவிட்டுப் போனது.

இதற்கும் லீவுக்கும் என்ன சம்பந்தம்? லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறி ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்கி, பஸ் பிடித்தால் லைம் ரீஜிஸ். தென் கடற்கரையில் சின்ன ஊர். அங்கே கடற்கரையில் கிடக்கும் கூழாங்கற்களுக்கு நடுவே ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட கற்கள் கிடைக்கும். அம்மோனைட்! 1799-ல் இந்த ஊரில் ஏழைத் தச்சர் வீட்டில் பிறந்த மேரி ஆனிங், இப்படிக் கல் பொறுக்கி விற்றே பிழைத்தார். ராட்சதக் கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளை வெட்டியெடுத்து அறிவியலையே திருப்பிப்போட்டார். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில்தான் இன்று அந்த ஊர் அருங்காட்சியகம். சுமார் 150 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கடற்கரையை 'ஜுராசிக் கோஸ்ட்' என்று 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக்கியது. உதிர்ந்து கிடக்கும் கல்லை எடுத்துக்கொள்ளலாம்; மலைமுகட்டை உடைக்கக் கூடாது. மண் சரியும் இடம். அலை ஏறும் நேரத்தைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும், இல்லையென்றால் பாறைக்கும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொள்வார்கள்.

குன்னத்துப் பிள்ளை யாராவது அங்கே போய், உள்ளங்கையில் ஒரு கல்லை வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால், வட்டி கட்டும் அப்பாவின் முதல் கேள்வி "இதைப் பாக்கவா அங்க போன? நம்ம ஓடையில கெடக்குதே!" என்பதாக இருக்கும். நியாயமான கேள்வி. லைம் ரீஜிஸ் கல் வயசில் மூத்தது, ஜுராசிக் காலம். நம்ம ஓடைக் கல் அதற்குப் பிந்தைய கிரெட்டேசியஸ். அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டன் பயணத்தில் பணம் மிச்சமாகும் வழி, 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கான ரயில் அட்டை. மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். 25 தாண்டிய முழுநேர மாணவர்களும் வாங்கலாம். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எல்லாம் இலவசம். டிசம்பர் 25 அன்று மட்டும் நாடு முழுக்க ரயில் ஓடாது. அதை மறந்து அன்றைக்கு ஊர் மாறத் திட்டம் போடக் கூடாது.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இங்கே மூன்று. பிரிட்டன் மாணவர் விசா இருந்தால் ஐரோப்பா போகலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முடியாது. ஷெங்கன் விசா தனியாக வாங்க வேண்டும், 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். டிசம்பர் பயணத்துக்கு நவம்பரில் தேடினால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம். இரண்டாவது, அயர்லாந்து. பெல்ஃபாஸ்டில் பஸ் ஏறினால் டப்ளின் வந்துவிடும், நடுவில் எல்லை என்று ஒரு கோடுகூடத் தெரியாது. ஆனால் அது வேறு நாடு, இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். யாரும் நிறுத்தவில்லை என்பதால் போனது சட்டப்படி சரியாகிவிடாது. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. ஒரு வருஷ முதுநிலைப் படிப்பில் கோடைக்காலம் லீவு இல்லை. வகுப்பு இருக்காது, ஆனால் ஆய்வுக் கட்டுரை எழுதும் பருவம். வாரத்துக்கு 20 மணி நேர வேலை வரம்பு அப்போதும் உண்டு. "சம்மர் லீவுல முழுநேரமா வேலை பாத்து ஊர் சுத்தப் போறேன்" என்று கிளம்பினால் விசாவுக்கே ஆபத்து.

ஜார்ஜியா, கிர்கிஸ்தான்: டாக்டருக்குப் படிப்பவர்கள் கவனிக்க

மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளில் பலர் இந்தப் பக்கம்தான். இரண்டுமே செலவு குறைவான, கண் கொள்ளாத மலை நாடுகள்.

ஜார்ஜியாவில் திபிலீசியின் டிடுபே பேருந்து நிலையத்திலிருந்து 'மர்ஷ்ருத்கா' என்னும் வேன்கள் கிளம்பும். நம்மூர் மினி பஸ் மாதிரிதான். சீட் நிரம்பினால்தான் எடுப்பார்கள். அரைமணி நேரத்தில் பழைய தலைநகரம் ம்ட்ஸ்கேத்தா. மூன்று மணி நேரத்தில் கஸ்பெகி. 2,170 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கும் கெர்கெட்டி தேவாலயம், அதன் பின்னால் 5,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பனிச்சிகரம். குளிர்காலத்தில் பனிச்சரிவு வந்தால் அந்த மலைப்பாதையை மூடிவிடுவார்கள். போன இடத்தில் இரண்டு நாள் மாட்டிக்கொள்ளலாம் என்று எண்ணியே பையைக் கட்ட வேண்டும். கோடை என்றால் கருங்கடல் ஓரத்து பத்தூமி, திபிலீசியிலிருந்து ஐந்து மணி நேர ரயில்.

அதே மலைப்பாதையில்தான் குடௌரி, பனிச்சறுக்கு ஊர். 2024 டிசம்பரில் அங்கே ஓர் உணவகத்தின் மாடியில் தூங்கிய 12 பேர் காலையில் எழுந்திருக்கவில்லை. 11 பேர் இந்தியர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள். கரன்ட் போனதால் மூடிய இடத்தில் ஜெனரேட்டர் ஓடியது, கார்பன் மோனாக்சைடு அறைக்குள் ஏறிவிட்டது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வெயில் ஊரில் வளர்ந்த பிள்ளைக்குக் குளிரை நினைத்துத்தான் பயம் இருக்கும், ஹீட்டரை நினைத்து இருக்காது. மலையில் அறை எடுத்தால் ஜெனரேட்டர், கேஸ் ஹீட்டர், கரி அடுப்பு எங்கே இருக்கிறது, புகை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி. பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

கிர்கிஸ்தானில் பிஷ்கெக்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் அலா-அர்ச்சா மலைப் பூங்கா. இன்னும் கொஞ்ச தூரம் போனால் இஸிக்-குல். 1,600 மீட்டர் உயரத்தில், கடல்போலப் பரந்த ஏரி. சுற்றிலும் பனிமலை இருந்தும் குளிர்காலத்தில் உறையாது. பெயருக்கே 'வெதுவெதுப்பான ஏரி' என்று அர்த்தம். கரைக்கோல் பக்கம் குதிரையில் போகலாம், கம்பளிக் கூடாரத்தில் தங்கலாம். 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகள் மீது கும்பல் தாக்குதல் நடந்தது. வெளியே வர வேண்டாம் என்று இந்தியத் தூதரகம் மாணவர்களை எச்சரித்தது. அந்த மாதிரி நேரத்தில் தூதரகத்தின் சமூக வலைதளப் பக்கத்தைப் பார்க்கிற பழக்கம் இருக்கிறவருக்குத்தான் செய்தி முதலில் கிடைக்கும். வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் பெயர் பதிந்து வைப்பதும் பத்து நிமிஷ வேலை. 2022-ல் உக்ரைனிலிருந்து 'ஆபரேஷன் கங்கா'வில் 22,500 இந்தியர்கள் திரும்பியபோது, யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

தண்ணீர் விஷயம் தனி. 2024 ஜூனில் ரஷ்யாவில் வோல்கோவ் ஆற்றில் நான்கு இந்திய மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். மகாராஷ்டிரத்துப் பிள்ளைகள். ஒருவர் தத்தளிக்க மற்றவர்கள் இறங்கியதாகச் செய்தி வந்தது. கிணற்றிலும் ஏரியிலும் நீச்சல் பழகியவருக்கும் அந்த ஊர் ஆறு வேறு. தண்ணீரின் குளிரில் கைகால் சில நிமிஷங்களிலேயே மரத்துப்போகும். நீச்சல் தெரிந்தும் அசைக்க முடியாது. வீட்டில் 'ஆத்துல இறங்காத' என்று சொல்வதைக் கிண்டல் செய்யாத பிள்ளை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அம்மா சொல்வதே சரி.

மருத்துவ மாணவர்கள் லீவை இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி, குறைந்தது 54 மாதப் படிப்பை ஒரே கல்லூரியில் முடித்திருக்க வேண்டும். வகுப்புக்கு நேரில் வராமல் விட்டால், இந்தியா திரும்பிப் பதிவு செய்யும்போது அது வந்து நிற்கும்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா: சுருக்கமாக

அமெரிக்காவில் சுற்றிப்பார்க்க இடமா இல்லை? ஆனால் இப்போது அங்கே கேள்வி 'எங்கே போகலாம்' என்பதைவிட 'வெளியே போனால் திரும்பி வரலாமா' என்பதுதான். 2025-ல் மாணவர் விசா நேர்காணலையே சில வாரம் நிறுத்தி வைத்தார்கள். அவசியம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போக வேண்டாம் என்று பல பல்கலைக்கழகங்களே சொல்லின. நாட்டுக்குள்ளேயே சுற்றுவது நிம்மதி. ஊருக்கு வருவதாக இருந்தால் ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து ஒரு வருஷத்துக்குள் வாங்கியதா என்றும், பாஸ்போர்ட்டில் விசா தேதி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் நம்மூர்க் கார்த்திகை, மார்கழி அவர்களுக்குக் கோடை. நீண்ட லீவும் அப்போதுதான். படிப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம்; லீவில் வரம்பு இல்லை. பாதி லீவு வேலை, பாதி லீவு ஊர் என்று பிரித்துக்கொள்ள வசதியான நாடு. கடலில் குளிப்பதாக இருந்தால் சிவப்பு-மஞ்சள் கொடி இரண்டுக்கும் நடுவில் மட்டும். கொடிக்கு வெளியே அமைதியாகத் தெரியும் தண்ணீர்தான் உள்ளே இழுக்கும்.

'பொம்பளப் புள்ள எப்படித் தனியா...'

மகன் ஸ்டேட்டஸுக்கு வட்டிக் கணக்கு கேட்கும் வீட்டில், மகள் கேட்டால் நேராக 'வேண்டாம்' என்று வந்துவிடும். கடல் தாண்டி அனுப்பத் துணிந்தவர்கள், அங்கிருந்து பக்கத்து ஊருக்கு ரயிலில் போகச் சம்மதிக்க மாட்டார்கள். பெரும்பாலும் என்ன நடக்கிறது? மகள் போகத்தான் போகிறாள். வீட்டுக்குச் சொல்லாமல் போகிறாள். ஆபத்து அங்கேதான். எந்த ஊர், எந்த விடுதி, யார் கூட என்று ஒருவருக்கும் தெரியாது.

ஐரோப்பிய விடுதிகள் பலவற்றில் பெண்களுக்கு மட்டுமான பொது அறைகள் உண்டு. ஓர் அறையில் நான்கைந்து படுக்கை, ஆளுக்கொரு லாக்கர். மூன்று பெண்கள் சேர்ந்து போனால் பகிர்ந்துகொள்ளும் செலவும் குறைவு. வீட்டில் ஒருவரிடமாவது, அப்பா இல்லையென்றால் அக்காவிடம், சித்தியிடம், தங்கும் இடத்தின் முகவரியும் ரயில் நேரமும் இருந்தால் போதும். 'சரி' என்று சொல்லிவிட்டால் அந்த விவரமெல்லாம் தானாகவே வந்துவிடும்.

இதில் இன்னொரு லாபம். பிள்ளை மலையில் சிக்னல் இல்லாமல் இருக்கும் அந்த ஆறு மணி நேரத்தில் வீட்டுக்கு ஒரு போன் வரலாம். "உங்க பையன் போலீஸ்ல மாட்டியிருக்கான், உடனே பணம் அனுப்புங்க." பின்னணியில் அழுகுரல்கூடக் கேட்கும். பயண விவரம் தெரிந்த வீடு "அவன் இப்ப ரயில்ல இருக்கான்" என்று போனை வைத்துவிடும். தெரியாத வீடு பணம் போடும். அப்படிப் போட்டுவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

அவங்க நம்ம ஊருக்கு வந்தா?

மூன்று வருஷத்தில் ஒருமுறையாவது நீண்ட லீவில் பிள்ளை ஊருக்கு வரும். கூடவே ஒரு வெளிநாட்டு நண்பரும் வரலாம். திருச்சி விமான நிலையத்தில் இறக்கி, வீட்டில் சாப்பாடு போட்ட பிறகு "இங்க என்னத்தப்பா காட்டுறது, ஊட்டிக்கு வேணா கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிடுவார்கள். இது மட்டும் வேண்டாம்.

காரைக்குக் கூட்டிப் போகலாம். மரம் மட்டையில்லாமல் மடிப்பு மடிப்பாக அரித்துக் கிடக்கும் செம்மண், காவி, வெளிர்ப் பச்சை நில மேடுகள். வேறு கிரகம் போலிருக்கும். உலகப் புவியியல் புத்தகங்களில் காரையின் பெயர் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் 1860-களிலேயே இந்தப் பகுதியின் புதைபடிவங்களை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். அங்கிருந்து சாத்தனூர். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கும் மரம், வயது சுமார் 12 கோடி வருஷம். அதை 1940-ல் கண்டறிந்தவர் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற தமிழ்ப் புவியியலாளர். பெரம்பலூர் கலெக்டர் அலுவலக வளாகத்தில் அம்மோனைட் மையமும், அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கின்றன. லைம் ரீஜிஸில் கல் பொறுக்கலாம், காரையில் கூடாது. பார்த்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, கல்லை அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். ஆளுக்கொன்று எடுத்துப்போனதில் ஏற்கெனவே நிறைய காலியாகிவிட்டது.

பிறகு 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகண்டபுரம் பக்கத்து ரஞ்சன்குடி கோட்டை. சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம், புல்தரையில் உட்கார்ந்து விமானத்தின் மேல் வெயில் இறங்குவதைப் பார்க்கலாம். 2004-லிருந்து அதுவும் உலகப் பாரம்பர்யச் சின்னம்தான். பாஸ்டை பாலத்துக்கும் ஜுராசிக் கோஸ்டுக்கும் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்களில் எத்தனை பேர் இதை நின்று பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

டிசம்பரிலோ ஜனவரியிலோ வந்தால் மறுநாள் காலை சீக்கிரம் எழுந்து கரைவெட்டி ஏரிக்குப் போக வேண்டும். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் வந்து நிரம்பும் ஏரி. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வரித்தலை வாத்துகள் வந்திருக்கும். மத்திய ஆசியாவின் உயரமான ஏரிகளில், மங்கோலியாவிலும் கிர்கிஸ்தான் பக்கமும் கோடையைக் கழித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிக் குளிர்கால லீவுக்கு அரியலூர் வருகிற பறவைகள். டிக்கெட் செலவும் இல்லை, விசாவும் இல்லை. மார்ச் வாக்கில் திரும்பக் கிளம்பிவிடும். அதனால் பொங்கலுக்குள் போய்ப் பார்ப்பது நல்லது. பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.